சுருண்ட நரம்பு நுனி

அன்று தப்பிய கொடுவா மீன் பெரியது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியது, தலையை ஒரு உதறு உதறியது, என் கையில் இருந்த கனம் சட்டென்று இல்லாமல் போனது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ரீலைச் சுற்றினேன். தூண்டில் நரம்பின் நுனி கைக்கு வந்ததும் திட்டு பாதியில் நின்றது.

மீன் போய்விட்டால் அழுவதற்கு முன்னால் நுனியைப் பார்க்க வேண்டும். சொரசொரவென்று இருந்தால் கொடுவாவின் செவுள் அறுத்திருக்கிறது. அந்தச் செவுளின் ஓரம் பிளேடு மாதிரி. பட்டென்று வெட்டியதுபோல் இருந்தால் நரம்புக்குப் பலம் போதவில்லை. சுருள் சுருளாகச் சுருண்டிருந்தால் நரம்பின் மேலும் குற்றமில்லை, மீனின் மேலும் குற்றமில்லை. முடிச்சு நழுவியிருக்கிறது. என் கையில் இருந்தது சுருண்ட நுனி. அந்த முடிச்சைப் போட்டவர் என் வீட்டுக்காரர்.

அவர் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். பகலில் சில நடை, இருட்டுகிற நேரத்தில் ஒரு நடை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மீன்கூடைக்காரிகள் என்று நிற்கவும் இடமில்லாத வண்டி. முடிச்சு நழுவியதற்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

எங்கள் வீட்டில் மீன் பைத்தியம் எனக்குத்தான். அவருக்கு மீன் முள் என்றாலே பயம், குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வார். அம்மாவின் தம்பியையே கட்டிக்கொண்டதால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவர் எனக்கு மாமாதான். 2009-இல் என் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு ராடும் ரீலும் ஒரு டப்பா நிறையக் கொக்கி வைத்த பிளாஸ்டிக் பொய் மீன்களும் கொண்டுவந்து கொடுத்தான். தெருவில் சிரித்தார்கள். பொம்பளைக்கு எதுக்குத் தூண்டில் என்று ஒருத்தர் என் காதுபடவே கேட்டார். உங்க வீட்டுக் குழம்புக்கா கேட்டேன் என்றேன்.

வீசுவது நான், முடிச்சுப் போடுவது மாமா. அதுதான் எங்கள் ஏற்பாடு. எனக்குப் பொறுமை கிடையாது, என் முடிச்சை ஒரு கெண்டைக்குஞ்சு அவிழ்த்துவிடும். அவரோ டப்பாவுக்குள் இருந்த படத்தைப் பார்த்து ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டார். பொய் மீனின் வளையத்தில் நுழை, அஞ்சு சுத்து சுத்து, சின்னக் கண்ணில் விடு, பெரிய கண்ணில் திரும்ப விடு, எச்சில் வை, இழு. எச்சில் வைக்காமல் இழுத்தால் சூட்டில் நரம்பு கெட்டுப்போகும் என்று எனக்கே பாடம் எடுப்பார். ஒரு வருஷம் அவர் முடிச்சு ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை.

அப்புறம்தான் எதை எடுத்தாலும் சண்டை வர ஆரம்பித்தது. முதல் சண்டை நரம்புக்கு. ரீலில் சுற்றுவது மஞ்சள் நிறப் பின்னல் நரம்பு. நூல் மாதிரி மெல்லிசு, ஆனால் எருமையைக் கட்டலாம். அதன் முனையில் இரண்டு கை நீளத்துக்குக் கண்ணாடி நரம்பு சேர்த்து, அதில்தான் பொய் மீனைக் கட்ட வேண்டும். கொடுவாவுக்குக் கண் கூர்மை. நிறத்தைப் பார்த்தால் கிட்டே வராது. தடித்த கண்ணாடி நரம்பாக இருந்தால் செவுளுக்கும் கொஞ்சம் தாங்கும்.

"அந்தக் கண்ணாடி நரம்பு வேணாண்டி. மஞ்சள்லயே நேரா கட்டிடலாம்," என்றார் மாமா.

"மஞ்சளப் பாத்தா கொடுவா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிடும் மாமா."

"போனா போவட்டும். கருமம், கட்டறதுக்குள்ள உசுரு போவுது."

அடுத்த சண்டை பொய் மீனுக்கு. கொடுவா விரட்டித் தின்பது மடவை மீனை. அந்தி நேரத்துக்கு முதுகு கறுத்த மீனைப் போட வேண்டும். கீழேயிருந்து பார்க்கும் கொடுவாவுக்கு வானத்தின் எதிரில் அதுதான் நிழலாகத் தெரியும். டப்பாவிலிருந்து அதை எடுங்கள் என்றால், வெள்ளை உடம்பும் சிவப்புத் தலையுமாக இருக்கும் மீனையே எடுத்து நீட்டுவார். கறுப்பு மாமா, கறுப்பு என்று கரடியாய்க் கத்தினாலும் மறுபடி அதே சிவப்புத் தலை வரும். எல்லாம் ஒண்ணுதான் போ என்பார். அவருக்கு லீவு கிடைக்கிற நாளில் போகும் நேரத்துக்கும் சண்டை. பிச்சாவரத்துப் பக்கம் சுரபுன்னை வேருக்கு நடுவே, கடல் உள்வாங்கும்போது வத்தத் தண்ணீர் வாய்க்காலை விட்டு இறங்கும் அந்திப் பொழுதுதான் கொடுவாவுக்கு நேரம். அவர் உச்சி வெயிலில் போகலாம் என்பார். வெயிலில் மீனுக்கே தலைவலி வரும் மாமா என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். வயசாகிறது, சர்க்கரை வேறு இருக்கிறது, அலுப்பு என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்?

அந்தப் பெரிய கொடுவாவுக்கு அப்புறம் கிள்ளை ஊர்ப் பக்கம் ஒன்று போனது. நுனி சுருண்டிருந்தது. நரம்பு பழசாகி வழுக்குகிறதோ என்று புதுச் சுருள் வாங்கினேன். புது நரம்பிலும் ஒன்று போனது. அதுவும் சுருண்டிருந்தது. ஆற்றாமையில் வாயை விட்டேன்.

"எனக்குத் தாலி கட்டனப்போ போட்ட முடிச்சுதான் கடைசியா இறுகுச்சு போல உங்களுக்கு!"

இப்படிச் சொன்னால் மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

அவர் வண்டியின் கண்டக்டர் மதியச் சாப்பாட்டுக் கேரியரை வாங்க வீட்டுக்கு வருவார். ஒருநாள், "அண்ணன் இப்பல்லாம் ரொம்ப நிதானம் அக்கா, முன்ன மாதிரி வெரட்டறதே இல்ல," என்றார். இந்த ரூட்டில் பின்னால் வரும் பஸ் முந்தினால் கலெக்‌ஷன் போச்சு. முதலாளி தலைகீழாக நிற்பார். அந்தப் போட்டியில் ஊறிய மனுஷன் நிதானம் என்றால் நான் சாமிக்குக் கற்பூரம் ஏற்றியிருக்க வேண்டும். நானோ மூடியை மாட்டாமலே கேரியரைக் கொடுத்தனுப்பினேன்.

கடைசியாக நாங்கள் தூண்டிலோடு போனது வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கீழே. அந்தி நடைக்கு முன் ஒரு மணி நேரம் வீசிவிட்டு வரலாம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மாமா பாறைமேல் உட்கார்ந்து முடிச்சுப் போட்டார். நரம்பை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார், தடவினார், அஞ்சு சுற்றுச் சுற்றினார், எச்சில் வைத்தார், இழுத்தார். "ஆச்சு, வீசு," என்றார்.

நரம்பை வாங்கித் தூக்கினேன். முடிச்சு அழகாக இறுகியிருந்தது. பொய் மீன் அவர் உள்ளங்கையிலேயே கிடந்தது. வளையத்துக்குள் நரம்பு நுழையவே இல்லை.

"என்னா மாமா இது?"

"வெளிச்சம் பத்தல."

சூரியன் பனைமரத்துக்கு மேலே நின்றது. எனக்குக் கண் கூசியது.

"கண்ணு தெரியலியா?"

"தெரியுது. கிட்டத்துல கொஞ்சம் பனி மூட்டமாட்டம் இருக்கு. அந்தியில லைட்டு மட்டும் பரவிக்கிது. நேரமாச்சு, வா, வண்டி எடுக்கணும்."

"லீவு போடுங்க மாமா. நாளைக்கே டாக்டருகிட்டப் போவோம்."

"டாக்டர் சீட்டுல எழுதிட்டா அதோட முடிஞ்சிது. ஸ்டீயரிங்க விட்டுட்டு நான் வூட்ல குந்திக்கிட்டு என்னா பண்றது? இந்த ரோடு எனக்கு மனப்பாடம்டி. எங்க பள்ளம், எங்க திருப்பம், எல்லாம் கையிக்குத் தெரியும்."

"ரோடு மனப்பாடம், சரி. குறுக்க ஓடியார புள்ளையும் மனப்பாடமா?"

அவர் பொய் மீனை டப்பாவில் போட்டு மூடினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது தெரிந்துபோன மனுஷனின் முகம் அது. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. மனுஷனை உலுக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியெல்லாம் கெஞ்சினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நான் பின்படியில் ஏறிக் கண்டக்டரின் கையைப் பிடித்தேன். "வண்டிய எடுக்க வுடாத. அவருக்குக் கண்ணு தெரியல."

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும் அக்கா. இருட்டுனா நான்தான் முன்னால போயி நின்னு, எதிர்ல என்னா வருதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"எத்தினி நாளா?"

"மழைக்கு முன்னாடிலேர்ந்து."

அடப்பாவிகளா என்று நான் வாயில் அடித்துக்கொள்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினேன். இறங்க மறந்த பொம்பளை என்று யாரோ சிரித்தார்கள். பஸ்ஸில் ஊசி விழ இடமில்லை. மீன்கூடை, புத்தகப் பை, தோளில் தூங்கும் குழந்தை எல்லாவற்றையும் இடித்துக்கொண்டு முன்னால் போனேன். கண்டக்டர் முதலாளிக்குப் பயந்து விசிலை ஊதாமல் பின்னாலேயே கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். வெளியே விறுவிறுவென்று இருட்டிக்கொண்டு வந்தது. நான் கம்பியைப் பிடித்துப் பிடித்து இன்ஜின் பெட்டியருகே வந்து சேர்வதற்குள் பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டது.

அப்போதுதான் மாமா பிரேக்கை மிதித்தார். நின்றவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். நடு ரோட்டில் வண்டி நின்றது. யோவ், தூங்கறியா என்று ஒருத்தர் கத்தினார். குழந்தை வீறிட்டது. மாமா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, பக்கத்தில் நிற்பது கண்டக்டர் என்று நினைத்து, தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"எதிர்ல வர்றது லாரியா, ரெண்டு பைக்கா? சீக்கிரம் சொல்லுடா."

நான் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது.

"வண்டியே வரல மாமா," என்றேன். "அது ஓரத்துல இருக்கற டீக்கடை லைட்டு."

என் குரலைக் கேட்டுத் திரும்பினார். என் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார்.

"எல்லாரையும் எறங்கச் சொல்லு," என்றார்.