உள்ளூர்க்காரருக்கு டெண்ட் கிடையாது

டெண்டுக்கு உள்பக்கம் ஜிப் இருந்தது. அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஆற்றங்கரை, தென்னந்தோப்பு, கேம்ப் ஃபயர் என்று அந்த இடத்துக்காரர்கள் நெட்டில் போட்டிருந்த படங்களை எல்லாம் பிறகுதான் பார்த்தேன்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒலக்கூர் பக்கம் எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு. கூடத்தில் அப்பா, அம்மா, தம்பி மூவரும் படுப்பார்கள். எனக்குக் கல்யாணமானதும் அம்மா பீரோவைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி, அதற்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் செய்துகொடுத்தாள். அப்பா இருமினால் பீரோ அதிரும். நாங்கள் பேசினால் தம்பி போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற சத்தம் கேட்கும். அதனால் பேச மாட்டோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இப்போது திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். படித்தவன் என்று வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் உண்டு. அந்தப் படித்தவன் தன் பெண்டாட்டியோடு ஒரு கதவைச் சாத்திக்கொள்ள ஆசைப்படுவான் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

வைகாசியில் மாதா கோயிலில் கல்யாணம். ஆடி பிறக்கும் முன்பே என் பெண்டாட்டியின் அம்மாவும் அப்பாவும் கிளியனூரிலிருந்து புதுத்துணி, பலகாரத் தட்டோடு வந்து இறங்கிவிட்டார்கள். பெண்ணைக் கூட்டிப் போக வேண்டும். ஆடி முடிந்துதான் அனுப்புவார்களாம்.

நான் விடவில்லை. "நம்ம கோயில்ல ஆடி எங்க இருக்குது? சாமியாரு எந்தப் பூசையில சொன்னாரு?" என்றேன்.

"கோயில்ல இல்லடா. ஊர்ல இருக்குது," என்றாள் என் அம்மா.

அத்தை, அதாவது மாமியார், பலகாரத் தட்டை மூடிக்கொண்டே சொன்னார்: "ஆடியில ஒண்ணா இருந்தா சித்திரையில புள்ள பொறக்கும். அந்த வெயில்ல கொழந்த தவிச்சா சாமியாரா வந்து விசிறுவாரு, மாப்ள?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு ஆட்டோவில் ஏறினாள். ஏறும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். படித்தவன்தானே, வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன் என்கிற பார்வை. சொன்னேன்தான். எடுபடவில்லை.

போனில் பேசலாம் என்றால், அவளுடைய போன் ஒருமுறை கீழே விழுந்ததிலிருந்து காதில் வைத்தால் கேட்காது. ஸ்பீக்கரில் போட வேண்டும். ஸ்பீக்கரில் போட்டால் அவர்கள் வீடே கேட்கும். "சாப்ட்டியா?" என்று நான் கேட்டால், "சாப்ட்டா மாப்ள, கருவாட்டுக் கொழம்பு," என்று அத்தை பதில் சொல்வார்.

ஒரு நல்ல விஷயம், அவள் திண்டிவனத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். கிளியனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். சாயங்காலம் நான் பள்ளி விட்டு ஓடுவேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவளுடைய பஸ் கிளம்பும் வரைக்கும் நிற்போம். டீக்கடைக்காரர் சில நாள் பார்த்துவிட்டு, "இன்னா சார், லவ்வா?" என்றார்.

"பொண்டாட்டிண்ணா."

"ஓ, ஆடியா!" என்று சொல்லி, டீயை இன்னும் கொஞ்சம் உயர்த்தி ஆற்றினார்.

அந்த டீக்கடையில்தான் முடிவு செய்தோம். எங்கேயாவது போய் ஓர் இரவு தங்குவது. ஓடிப்போவது என்றுதான் அவள் சொன்னாள். "புருஷனோட ஓடிப்போன மொத ஆளு நான்தான்," என்று சிரித்தாள்.

இடம் பார்ப்பது எல்லாம் மெசேஜில்தான். பாண்டிச்சேரி லாட்ஜ் வேண்டாம் என்றாள். அவள் மாமா அங்கே ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறார். ஏலகிரி தூரம். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் லீவில் போய்வர முடியாது. மரத்து மேல் கட்டிய வீடு ஒன்றை அனுப்பினேன். வாசலில் கதவுக்குப் பதிலாகத் துணித் திரை தொங்கியது. மண்குடிசை ஒன்றுக்கு மூங்கில் தட்டிதான் கதவு. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "தாழ்ப்பா இருக்குதா?"

அப்போதுதான் இந்த கிளாம்பிங் கண்ணில் பட்டது. அந்த வார்த்தைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே அர்த்தம் தெரியாது. கட்டில், ஃபேன், பக்கத்திலேயே பாத்ரூம் எல்லாம் வைத்துப் பெரிதாகக் கட்டிய டெண்ட் என்று படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டோம். மயிலம் தாண்டி, சங்கராபரணி ஆற்றங்கரையில். பைக்கில் போய்விடலாம். ஆடித் தள்ளுபடி வேறு.

வந்துபோனவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். எல்லாம் திட்டு. ஆறு என்று நம்பி வந்தோம், வெறும் மணல் என்று ஒருவர். ஆற்றில் ஆடு மேய்கிறது என்று ஒருவர். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆடியில் சங்கராபரணியில் தண்ணீர் தேடுகிறவர் இந்தப் பக்கத்துக்காரராக இருக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வந்து பார்க்கட்டும். அவளுக்கு அனுப்பினேன். உடனே பதில்: "தண்ணி இல்லன்னா கூட்டம் இருக்காது. புக் பண்ணிடுங்க."

புக் பண்ணுவதற்கு முன் அந்த கேம்ப் நம்பருக்கு நானே ஒரு மெசேஜ் அனுப்பினேன். டெண்டின் ஜிப்பை உள்பக்கமிருந்து பூட்ட முடியுமா என்று. கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் மருந்துக் கடையில் லீவு சொன்னாள். வீட்டில், கடையில் சரக்கு கணக்கெடுப்பு, ராத்திரி கூட வேலை பார்க்கிற பெண்ணின் வீட்டில் தங்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். திண்டிவனத்தில் பைக்கில் ஏறினாள். மயிலம் தாண்டுகிற வரை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு எடுத்துவிட்டாள்.

கேட்டுக்கு நாங்கள் போன நேரம், எங்களுக்கு முன்னால் ஒரு கார். நகரத்துக்காரர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். என்னைவிடச் சின்ன வயசு மேனேஜர் ஒருவன் ஓடிவந்து, "வாங்க சார், வாங்க மேடம்," என்று சொல்லி, இளநீர் கொடுத்து உள்ளே அனுப்பினான். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினான்.

"ஆதார் குடுங்க ப்ரோ."

கொடுத்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒன்றில் ஒலக்கூர், ஒன்றில் கிளியனூர். அவள் கார்டில் இன்னும் அவள் அப்பா பெயர்தான். பிறகு பெயரைத் திரும்பப் படித்துவிட்டு, "ஓ, ஜிப்பு கேட்டது நீங்கதானா?" என்றான்.

எனக்குக் காது சுட்டது.

"ரூம் இல்ல ப்ரோ. லோக்கல் ஐடிக்குக் குடுக்கிறதில்ல." அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான். உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை.

"பணம் வாங்கும்போது சொல்லலையே?"

"திருப்பிப் போட்டுடுவோம் ப்ரோ. லோக்கல் ஜோடிங்க வந்து, அப்புறம் வீட்டு ஆளுங்க தேடிக்கினு வந்து, ஒரே பேஜாராவுது."

"நாங்க ஜோடி இல்ல. புருஷன் பொண்டாட்டி."

அவன் அவள் கழுத்தைப் பார்த்தான். சுடிதார் போட்டிருந்தாள். தாலி உள்ளே இருந்தது. எடுத்துக் காட்டினால் முடிந்துபோகும் விஷயம். நானும் அவளைப் பார்த்தேன். காட்டிவிடேன் என்றுதான் என் கண் சொல்லியிருக்க வேண்டும்.

"காட்ட மாட்டேன்," என்றாள். என்னிடமா அவனிடமா என்று தெரியவில்லை. "இப்போ கார்ல போனாங்களே, அவங்க கழுத்துல பார்த்தியாப்பா? அந்தம்மாகிட்ட எடுத்துக் காட்டச் சொன்னியா?"

"அவங்க சென்னைக்காரங்கக்கா."

"சென்னைன்னா கல்யாணம் வேணாமா? கிளியனூர்னா சர்டிபிகேட்டா?"

அவன் தலையைச் சொறிந்தான். "என் வேல போயிடும்க்கா. வீட்டுப் பெரியவங்க யாரையாவது போன்ல பேசச் சொல்லுங்க. உட்டுடறேன்."

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகள் எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். இந்த ஆறு எங்கள் ஆறு. மழைக்காலத்தில் இது கரை தாண்டினால் எங்கள் சனம்தான் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்கும். அது வற்றிக் கிடக்கும்போது அதன் கரையில் படுக்க நான் யாரிடம் சிபாரிசு வாங்க வேண்டும்? "யாரையும் கூப்புட மாட்டேன்," என்றேன். "நான் பணம் கட்டியிருக்கேன். இங்கதான் ஒக்காந்திருப்பேன்."

கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் பைக்கை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்தோம். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. உள்ளே அந்த டெண்டுகள் வெள்ளையாகத் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் என் வீராப்பு இறங்கியது. "பாண்டிக்கே போயிடலாமா?" என்றேன்.

"போவ மாட்டேன். நாம பார்த்துப் பார்த்து எடுத்தது இது."

அப்போது அவள் போன் அடித்தது. அம்மா.

எடுக்காமல் இருந்திருக்கலாம். கொஞ்சம் தள்ளிப் போயாவது பேசியிருக்கலாம். மேனேஜர் கேட்டருகில்தான் நின்றுகொண்டிருந்தான். அவள் அங்கேயே உட்கார்ந்தபடி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கடி இருக்க? கடைக்குப் போன் பண்ணா நீ மத்தியானமே லீவுன்றாங்க!"

கூட வேலை பார்க்கிற பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொரு பொய் தயாராகத்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள்.

"ஆத்தங்கரையில இருக்கேம்மா. அவருகூட."

"எவருகூடடி?"

"ஒங்க மாப்ளகூட. வேற எவரு?"

 வந்தது பாருங்கள் ஒரு கத்தல். புங்கமரத்துக் காக்காய்கள் எழுந்து பறந்தன.

"ஆடி மாசத்துலயா! அடிப்பாவி! தாலி ஏறி ரெண்டு மாசம் ஆவல, ஒரு மாசம் பொறுக்க முடியலயா ரெண்டு பேருக்கும்? நாளைக்கு ஒன் மாமியா என்னை இன்னான்னு கேப்பா? சீர் வச்சு, ஆட்டோ வச்சுக் கூப்பிட்டுக்கினு வந்தேனே, எதுக்கு? புருஷனோட ஊர் சுத்தவா? அந்த மனுசனுக்காவது அறிவு வேணாம்? வாத்தியாராம் வாத்தியாரு!"

"நாளைக்கு வர்றோம்மா. ரெண்டு பேரும்," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.  குரல் நடுங்கவில்லை.

மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். சிரிப்பில் தோள் குலுங்கியது. பிறகு தன் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டான். நாங்கள் கேட்கத்தான் பேசினான்.

"சார், லோக்கல்தான் சார். ஆனா கல்யாணம் ஆனவங்க... சர்டிபிகேட்லாம் இல்ல சார். பொண்ணோட அம்மா போன்ல திட்டுச்சு... இல்ல சார், ஓடியாந்துட்டாங்கன்னு இல்ல. ஆமா, ஓடித்தான் வந்திருக்காங்க. புருஷனோடதான் சார். ஆடி சார்!"

மறுமுனையில் முதலாளி சிரிப்பது எங்களுக்கே கேட்டது.

"வாங்க சார்," என்று கேட்டைத் திறந்தான். ப்ரோ, சார் ஆகிவிட்டது. எனக்கு ஆறவில்லை.

"அவங்க அம்மா போன் பண்ணலன்னா?"

"அனுப்பியிருப்பேன் சார்," என்றான் உண்மையாக. "இளநி வெட்டட்டா?"

உள்ளே ஒரு நோட்டில் பெயர் எழுதச் சொன்னான். "ஊருன்ற எடத்துல சென்னைன்னு போட்டுக்கங்க சார். சிக்கல் இல்ல." எனக்கு முன்னால் எழுதியிருந்தவர்கள் எல்லாருமே சென்னை, பெங்களூர்தான். நான் ஒலக்கூர் என்று கரும்பலகையில் எழுதுவதுபோலப் பெரிதாக எழுதினேன். தோளுக்குப் பின்னாலிருந்து அவள், "என்னுதும் எழுதுங்க. கிளியனூரு," என்றாள். எழுதினேன்.

டெண்டுக்குள் போனதும் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஜிப்பைக் கீழிருந்து மேலே இழுத்தாள். திறந்தாள். மறுபடி இழுத்தாள். "நல்லாத்தான் இருக்குது," என்றாள். அப்புறம் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து பீரோவுக்குப் பின்னால் முழுங்கி வைத்திருந்த பேச்செல்லாம் வந்தது. அவளுக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மற்றதை எழுத மாட்டேன். அதற்குத்தான் ஜிப்.

காலையில் ஆற்றுக்குள் இறங்கி நடந்தோம். மணல், கோரைப்புல், ஓரிடத்தில் மட்டும் முழங்கால் அளவு குட்டை. ஆடு மேய்ந்தது உண்மைதான்.

கிளியனூருக்குப் போகும்போது அவள் முகத்தை மூடவில்லை. பட்டப்பகல், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து தெருவே வெளியே நிற்கிற நேரம். ஆடி மாதத்தில் மாப்பிள்ளையான நான் பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நடுத்தெருவில் வந்து இறங்கினேன். மாமனார் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. தட்டை வைத்துக் கறிக்குழம்பைத் தட்டில் ஊற்றியதில் பாதி தரையில் விழுந்தது.

"அத்தை, நான்தான் கூப்ட்டேன். அவள ஒண்ணும் சொல்லாதீங்க," என்றேன்.

"இல்ல, நான்தான் கூப்ட்டேன்," என்றாள் அவள்.

அத்தை வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் எதிர்வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்தார். எல்லாம் தெரிந்துதான் வந்திருந்தார். "இன்னாக்கா, ஆடியிலயே மாப்ள வந்துட்டாரு போல?"

அத்தை கரண்டியோடு வாசலுக்குப் போனார். "வருவாரு. என் வூட்டு மாப்ள எந்த மாசம் வேணா வருவாரு. எம்பொண்ணு அவருகூட எங்க வேணா போவா. ஒனக்கு இன்னா பேஜாரு?"

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். கை இன்னும் கரண்டியைப் பிடித்திருந்தது. முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"சித்திரையில புள்ள பொறந்தா நான் விசிற மாட்டேன், மாப்ள. நீங்களே ஒக்காந்து விசிறுங்க."

"விசிறுறேன் அத்தை," என்றேன்.

சோற்றை இன்னும் ஒரு கரண்டி வைத்தார்.