மழுங்கிய நான்கு வேர்கள்

கோட்டாற்றுப் பல் டாக்டர் என் மகளுக்குக் கம்பி போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு முறை போய்வந்ததையும் டைரியில் எழுதிவைத்திருக்கிறேன். கிழமை, நேரம், எந்தப் பல்லில் வலி, அன்று இட்லியா கஞ்சியா என்பதுவரை. அதனால் நான் செய்ததும் தேதியோடு இருக்கிறது.

அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. அவருக்கு லீவு கிடைக்கும் மாதத்தை வைத்து முகூர்த்தம் குறித்தோம். கம்பியைக் கழற்ற அதற்குமேலும் நாலு மாதம் ஆகும் என்று டாக்டர் சொன்னதை எழுதிவைத்திருந்த நானே அதைப் பார்க்கவில்லை.

"கல்யாணத்துக்கு முன்ன கழட்டணும் டாக்டர். கொஞ்சம் இறுக்கிப் போடுங்க."

"பல்லு என்ன ஆணியா சார், பிடுங்கி மாத்தி அடிக்க? எலும்பு கரைஞ்சு வழி விட்டாத்தான் நகரும்."

நான் விடவில்லை. மூன்றாவது முறை கேட்டபோது கனமான கம்பி மாட்டினார். 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதியிருக்கிறேன். அன்று அவள் கஞ்சிதான் குடித்தாள். அதுவும் இருக்கிறது.

போன சனிக்கிழமை எக்ஸ்ரேயைக் காட்டினார். மேல்வரிசை முன்பற்கள் நான்கு. பழைய படத்தில் நீண்டு கூர்மையாக இருந்த வேர்கள் மழுங்கிக் குட்டையாகியிருந்தன.

"திரும்ப வளருமா?"

"வளராது. மூணு மாசம் பல்ல இழுக்காம விடணும். வேரு கரையுறது பெரும்பாலும் நின்னுரும்."

"நான் அவசரப்படுத்தினதாலயா?"

"மெல்ல இழுத்தாலும் சிலருக்குக் கரையும். உங்களாலன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. நானும் உங்க பேச்சக் கேட்டிருக்கப்பிடாது."

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே மாதம். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கி, கம்பி இருக்கும் என்றேன்.

"கெடந்தா கெடக்கட்டும். எங்க பய கெட்டப்போறது பிள்ளையத்தான, பல்லையா?" என்று சிரித்தார்.

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

நேற்று கல்யாணப் பலகாரத்துக்கு மாதிரி பார்க்க, வீட்டில் பயறும் கருப்பட்டியும் உருட்டிக் கெட்டியாக முந்திரிக்கொத்து சுட்டார்கள். மகள் ஒன்றை எடுத்தாள். முன்பல்லால் கடிக்காமல், அம்மிக் குழவியால் தட்டி உடைத்து, ஒரு துண்டைக் கடைவாயில் ஒதுக்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டாள்.

"என்னப்பா, இதையும் எழுதப்போறியளா?"

"பல்லு ஆடுதா மக்கா?"

"இல்ல. நீங்க இனி யார்ட்டயும் போய் ஒண்ணும் சொல்லாம இருந்தா ஆடாது."