ஜெசிந்தா அக்கா கேட்ட கேள்வி

அன்று காலை ஏழு மணிக்கு அமெரிக்காவிலிருந்து என் அண்ணன் செந்தில் கூப்பிட்டார். "மலரு, பக்கத்து வூட்டுக்கு ஓடிப் போய்ப் பாரு. ஜெசிந்தா அக்கா போன்ல பேசிக்கிட்டு இருந்தாங்களாம், திடீர்னு சத்தமே இல்லயாம்" என்றார். ஓடினேன். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தார். மடியில் ரிசீவர். அதற்குள்ளிருந்து ஒரு பெண் "அக்கா, அக்கா" என்று இன்னமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து மாரடைப்பு என்றார்.

அமெரிக்காவிலிருந்து பேசிய அந்தப் பெண் ஒரு கையில் அக்காவின் இணைப்பைத் துண்டிக்காமல் வைத்துக்கொண்டு, இன்னொரு போனில் தனக்குத் தெரிந்த தமிழர்களையெல்லாம் கூப்பிட்டு, அரியலூரில் யாருக்காவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறாள். கேட்ட எல்லாரும் முதலில் சொன்னது ஒன்றுதானாம்: "அக்காவ உங்களுக்கும் தெரியுமா?" அன்றுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. பிள்ளைக்குப் படிப்பில் ஏதோ குறை என்று பள்ளிக்கூடத்தில் தனியாகச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றால் பக்கத்துக் குடியிருப்புத் தமிழருக்குத் தெரியக்கூடாது, அரியலூரில் இருக்கும் அக்காவுக்குத் தெரியலாம். "எல்லாரும் ரகசியம் ரகசியம்னு என்ட்ட சொல்றாங்க மலரு. அவங்களுக்குள்ள பேசிக்கிட்டா எனக்கு இங்க வேலையே இல்ல" என்று அக்கா சிரிப்பார். ஒரு பெயரைக்கூட என்னிடம் சொன்னதில்லை.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு வரும் உங்களில் சிலர் அவரை நேரில் அறிவீர்கள். கடல் கடந்து இதைப் படிக்கப்போகிறவர்களுக்கு அவர் வெறும் குரல். அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. கணவருடைய வேலைக்காக நியூஜெர்சி போனவர், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாகக் குடியேறி வரும் குடும்பங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நடுவே பேசும் வேலையில் இருந்தார். கணவர் இறந்தபின் தொண்ணூற்றெட்டு வாக்கில் திரும்பி வந்து, அரியலூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியேறினார். நான் பெரம்பலூர்க் கல்லூரியில் ஆசிரியை, தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள். கம்ப்யூட்டர் படித்த நம் பக்கத்துப் பிள்ளைகள் விமானம் ஏறத் தொடங்கிய காலம் அது. விசா கையில் கிடைத்ததும் குடும்பத்தோடு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

திருமானூரிலிருந்து வந்த ஒரு தம்பதி மகளுடைய மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பச்சை மையில் கையெழுத்து வாங்கி வரிசையாக எடுத்து வைத்தார்கள். அக்கா எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, "தடுப்பூசி போட்ட அட்ட எங்க?" என்று கேட்டார். அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். "அது எதுக்குங்க? பரண்ல எங்கயாவது கெடக்கும்." "மொதல்ல பரண்ல ஏறுங்க. அது இல்லாம அங்க வகுப்புக்குள்ள விடமாட்டாங்க. உங்க சாதிய யாரும் கேக்கப்போறதில்ல." அந்தக் கணவர் உண்மையிலேயே ஏமாந்துபோனவர் போலத்தான் சான்றிதழ்களை மறுபடி பைக்குள் வைத்தார்.

மகனை டாக்டராக்கும் கனவோடு வந்தவர் ஒருவர், அங்கே நாலு வருடம் வேறொரு பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவப் படிப்பு என்று கேட்டதும், "இது தெரிஞ்சிருந்தா விசாவே எடுத்திருக்க மாட்டனே" என்று எழுந்து நின்றுவிட்டார்.

கிளம்புவதற்கு முன் எல்லாரையும் ஒருமுறை ஒத்திகை பார்க்கவைப்பார். அக்காதான் அமெரிக்க டீச்சர். அப்பாவும் அம்மாவும் கதவைத் தட்டி உள்ளே வர வேண்டும். வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். "உக்காருங்க" என்றால், "பரவால்லீங்க டீச்சர்" என்பார்கள். அக்காவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். "நீங்க நின்னா அவங்களும் நிப்பாங்க. ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருந்தா எப்பப் பேசறது? உக்காந்து கேள்வி கேளுங்க. கேக்கலன்னா புள்ள மேல அக்கறை இல்லாதவங்கன்னு நெனப்பாங்க."

என் அண்ணன் கிளம்பும்போது, ஒருதரம் அக்காவைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன். "நான் என்ன எழுதப் படிக்கத் தெரியாதவனா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் அமெரிக்கா போனதற்கு மறு வருடம் ஒரு காலையில் அண்ணனிடமிருந்து போன். குரலே அவருடையதாக இல்லை. மூன்றாம் வகுப்பில் படித்த அவர் மகன் கதிரின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பையன் நன்றாகப் படிக்கிறான், வகுப்பில் பேச்சுதான் கொஞ்சம் அதிகம் என்றிருக்கிறார் டீச்சர். எங்கள் அப்பா வாத்தியாரிடம் சொல்வதை அண்ணன் நல்ல ஆங்கிலத்தில் அப்படியே சொல்லியிருக்கிறார்: கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள். கூடவே, வீட்டில் நானும் அதைத்தான் செய்கிறேன் என்று ஒரு சிரிப்பு. டீச்சர் சிரிக்கவில்லை. குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி மறுநாள் மாலை வீட்டுக்கு வருகிறார், கதிரிடம் தனியாகப் பேசுவார் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா வீட்டு எண்ணுக்குக் கூப்பிடச் சொன்னேன். நான் பக்கத்தில் இருக்கலாமா என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டுதான் அக்கா ஸ்பீக்கரைப் போட்டார்.

"மரியாதைக்குச் சொன்னதுக்கா. நம்ம ஊர்ல அப்படிச் சொல்லாத அப்பன் உண்டா? இத எப்படி இவங்களுக்குப் புரிய வைக்கிறது? புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்களா?"

புரிய வைப்பதுதானே அக்காவின் தொழில், இதற்கும் ஏதாவது வழி வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

"அது இருக்கட்டும் தம்பி. கதிர அடிக்கிறீங்களா?"

பதில் இல்லை. அக்காவும் பேசவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கையை உயர்த்தி அடக்கினார். கடைசியில் அந்த வீட்டின் இன்னொரு போனிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "சொல்லுங்க. அக்கா கேக்கறாங்கல்ல?"

"எப்பவாச்சும்... பெல்ட்டால ரெண்டு தடவ."

"அப்ப அவங்க வர்றது சரிதான் தம்பி."

"என்னக்கா, நீங்களே இப்படிப் பேசறீங்க? அப்பா அடிக்கமாட்டாருன்னு சொல்லச் சொல்லி அவன்ட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"அத மொதல்ல மாத்துங்க. உங்க பொய்ய அந்தப் புள்ள தலையில ஏத்தாதீங்க. நெசத்தச் சொல்லி, திருத்திக்கிறேன்னு சொல்ற அப்பன்ட்ட இருந்து புள்ளையப் பிரிக்கணும்னு அவங்களுக்கும் ஆச இல்ல, நான் பாத்திருக்கேன். ஆனா அந்தம்மாட்ட சொல்றது அப்புறம். நாளைக்குக் காலையில அவன் ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்குள்ள நீங்க அவன்ட்ட சொல்லணும், அடிச்சது தப்பு, இனிமே அடிக்கமாட்டேன்னு."

"புள்ளைட்டயா?"

"அடி வாங்கினது அவன்தான?"

அண்ணன் போனை வைத்துவிட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கும் எம்மேல கோவந்தான?" இல்லை என்றேன். "பொய் சொல்லாத. போயி காப்பி போடு."

அந்தப் பெண்மணி இரண்டு முறை வந்து போனார். அண்ணனையும் அண்ணியையும் பெற்றோருக்கான ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். கதிர் வீட்டிலேயே இருந்தான். அண்ணன் ஒரு வருடம் அக்காவோடு பேசவில்லை. பிறகு கதிரை எந்தக் கணக்கு வகுப்பில் சேர்ப்பது என்று கேட்க ஒருநாள் கூப்பிட்டார். அக்காவும் நேற்றுத்தான் பேசியவர் போலவே பேசினார். மகனிடம் அதைச் சொன்னாரா என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. "கேட்டா, எனக்காகச் சொன்ன மாதிரி ஆயிரும்" என்றார். அண்ணனிடம் கேட்க எனக்கும் துணிவு வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் கதிர் கூப்பிட்டான். இப்போது பத்தாவது படிக்கிறான். "அத்தை, அவங்க போட்டோ இருக்கா? நான் பாத்ததே இல்ல" என்றான். அனுப்புகிறேன் என்றேன். பிறகு, இத்தனை வருடம் எனக்குள்ளேயே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "கதிரு, அந்த ஆபீசம்மா வந்தாங்களே, அன்னிக்குக் காலையில அப்பா உன்ட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

அவன் பேசவில்லை. நான் பாடம் நடத்துகிறவள். வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால் யாரும் வாய் திறப்பதற்குள் பதிலையும் நானே சொல்லிவிடுவேன். ஜெசிந்தா அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்: கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. காத்திருந்தேன்.

"ஷூ போட்டுக்கிட்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்துல தரையில உக்காந்தாரு. எதுவும் பேசல. வெளிய ஸ்கூல் பஸ் வந்துருச்சு. ஏதோ சொல்ல வர்றாருன்னு தெரிஞ்சுது, அதனால நான் எந்திரிக்கல. அப்புறம் சொன்னாரு" என்றான் கதிர். "அன்னிக்கு பஸ்ஸ விட்டுட்டேன் அத்தை."