திருமயம் கோட்டையில் மழைக்கு ஒதுங்கியது

மழை காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஏழேகாலுக்கு மழை நின்றுவிட்டது. எட்டு மணிக்கு அறந்தாங்கியில் போர்வை துவைத்துக் காயப்போடும் அளவுக்கு வெயில்.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. என் கணவர் இருபத்திரண்டு வருடம் குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, எட்டு மாதங்களுக்கு முன்புதான் ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். "போதும்னு தோணுச்சு. இனிமே ஒங்கூட இருக்கணும்னுதான் வந்துட்டேன்" என்று ஏர்போர்ட் வாசலிலேயே சொன்னார். அதை நான் ஸ்டாஃப் ரூமில் இரண்டு தடவை சொன்னேன். அன்றைக்கு லீவு போட்டிருந்த கணக்கு டீச்சருக்காக மூன்றாவது தடவையும் சொன்னேன்.

அவர் அங்கே இருந்தவரை தினமும் சாயங்காலம் முக்கால் மணி நேரமாவது போனில் பேசுவோம். ரசத்தில் புளி கூடிப்போனது முதல் பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது வரைக்கும் பேச விஷயம் இருந்தது. ஊருக்கு வந்தபிறகு ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை தேறவில்லை. சாப்பிடலாமா, கேஸ் சொல்லியாச்சா, ஃபேனைக் குறைக்கவா. அவ்வளவுதான். கோயம்புத்தூரில் படிக்கும் எங்கள் மகள் போன் செய்தால் மட்டும் இருவரும் முண்டியடித்துக்கொண்டு பேசுவோம்.

அன்று வெயிலைப் பார்த்துவிட்டு அவர்தான் ஆரம்பித்தார். "திருமயம் கோட்டையைப் பத்திப் பிள்ளைங்களுக்கு நடத்துறியே, போய்ப் பாத்திருக்கியா?"

பதினெட்டு வருடமாக அந்தக் கோட்டையைக் கரும்பலகையில் வரைந்துவருகிறேன். நடுவில் பாறை, சுற்றி ஏழு மதில், மதிலுக்குள் ஒரு ஊர். பிறகு நான்கு மதில்களை டஸ்டரால் அழித்து, இப்போது மிச்சம் மூன்றுதான் என்று காட்டுவேன். போனதில்லை.

"பள்ளிக்கூடத்துல சொல்லிராதீங்க" என்றேன்.

"கெளம்பு. அரிமளம் வழியா பஸ் இருக்கு."

வெயிலை நம்பி ஒரே ஒரு குடைதான் எடுத்தோம். அரிமளம் தாண்டும்போதே வானம் கறுத்துவிட்டது. கோட்டை வாசலில் டிக்கெட் வாங்கும்போது தூறல் தொடங்கியிருந்தது. டிக்கெட் கொடுத்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். இந்த வானிலையில் வந்த பார்வையாளர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"பாறை வழுக்கும் சார். மழை வலுத்துச்சுன்னா இருக்கிற எடத்துலயே ஒதுங்கிக்கங்க. அவசரப்பட்டு எறங்காதீங்க" என்றார்.

என் கணவர் எப்போதும் எனக்குப் பத்தடி முன்னால் நடப்பவர். அன்றும் அப்படியே நடந்தார். ஒரு வளைவு வாசலைக் கடந்ததும் பாறைச் சரிவு ஆரம்பித்தது. ஈரத்தில் அது எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. என் கால் நின்றுவிட்டது.

"நான் இந்த வாசலுக்குக் கீழயே நிக்கிறேன். நீங்க பாத்துட்டு வந்துருங்க."

"சரி" என்று சொல்லிவிட்டு, கூரை இருக்கும் இடத்தில் நிற்பவளுக்குக் குடை எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, அதை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, மழை கொட்ட ஆரம்பித்தது. எதிரில் இருந்த மதிலே கண்ணுக்குத் தெரியவில்லை.

போன் அடித்தது. அவர்தான்.

"எங்க இருக்கே?"

"வாசல்லதான். நீங்க?"

"உச்சியில, பீரங்கிகிட்ட. சுவரோரமா குடையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். முழங்காலுக்குக் கீழ எல்லாம் நனைஞ்சு போச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார், "சாப்ட்டியா?"

காலையில் ஒரே மேசையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டவர்கள் நாங்கள். இருந்தாலும் என் வாய் தானாகச் சொன்னது, "சாப்ட்டேன். நீங்க?"

"ஆச்சு."

பிறகு பேச்சு பிடித்துக்கொண்டது. பீரங்கி எவ்வளவு நீளம், அதன்மேல் யார் யார் பெயரைக் கிறுக்கியிருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார். குவைத்தில் ஒருமுறை மழை பெய்து அவர்கள் தங்கியிருந்த கேம்ப் முழுக்கத் தண்ணீர் புகுந்ததைச் சொன்னார். நான் தலைமையாசிரியர் குடை தொலைத்த கதையைச் சொன்னேன். இருபது நிமிடம் போயிருக்கும். சட்டென்று அவர் குரல் இறங்கியது.

"ஒண்ணு சொல்லணும். நானா வரலை. கம்பெனியில ஆளக் கொறைச்சாங்க. லெட்டர் குடுத்து அனுப்பிட்டாங்க."

முதலில் கணக்கு டீச்சரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

"ஏங்க, இத எட்டு மாசமா சொல்லாம இருந்தீங்களா?"

"நேர்ல எப்படிச் சொல்றது? நீ மூஞ்சியப் பாப்பேல்ல."

கோபம் வந்தது. ஆனால் கோபப்பட எனக்கும் பெரிய தகுதி இல்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது.

"எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றேன். "சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்றேன்ல? அதெல்லாம் கெடையாது. பிள்ளைங்க நாலேகாலுக்கே போயிருதுங்க. நான் ஸ்டாஃப் ரூம்ல சும்மா உக்காந்திருப்பேன்."

"எதுக்கு?"

"வீட்டுக்கு வந்தா நீங்க பேசாம உக்காந்திருப்பீங்க. என்ன பண்றதுன்னு தெரியாது."

அப்புறம் அவர் சிரித்தார். பாதிச் சிரிப்பு போனில் வந்தது, பாதி மேலிருந்தே கேட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை. எதிரிகள் உள்ளே வராமல் இருக்க அடுக்கடுக்காக மதில் கட்டினவர்கள், அதற்குள் நின்று இப்படி இரண்டு பேர் சிரிப்பார்கள் என்று எண்ணியிருக்கமாட்டார்கள்.

மழை விட்டது. அவர் இறங்கி வருவது தெரிந்தது. பாதிச் சரிவில் செருப்பு வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவும் பயம், நகரவும் பயம். குவைத்தில் பதினைந்து மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் தொங்கி ஏசி மாட்டிய மனிதர்.

நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தவழாத குறையாக ஏறிப்போய்க் கையைக் கொடுத்தேன். இருவரும் உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கி வந்து வாசலை அடைந்தோம். என் புடவையின் பின்பக்கம் வீணாய்ப் போனது. முகத்துக்கு முகம் நின்றதும் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. வெட்கமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கடையில் டீ குடித்தோம். அவர் கண்ணாடி கிளாஸையே பார்த்துக்கொண்டு, போன் இல்லாமல், மெதுவாகக் கேட்டார்.

"ஸ்டாஃப் ரூம்ல தனியா உக்காந்து என்னதான் செய்வே?"

"தூங்குவேன்."

"வீட்டுலயே தூங்கலாம்ல. நான் டிவி சத்தத்தக் கொறைச்சு வைக்கிறேன்."

அதற்குள் அறந்தாங்கி பஸ் வந்துவிட்டது. நல்ல கூட்டம். அவர் என்னை ஏற்றிவிட்டு, இந்த முறை எனக்குப் பின்னால் ஏறினார்.