நாச்சியா மதினியின் வெள்ளைப் புடவை

மாரி பிறந்துவிட்டால் மருதமுனையில் சாயம் போட்ட நூல் காயாது. நூல் காயாவிட்டால் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் நூல் சுற்றுகிற முனவ்வறாவின் கைக்கு வேலையில்லை. அதற்கும் சேர்த்து அவளுடைய வாய் வேலை செய்யும். கடல் அடித்துக்கொண்டிருந்ததால் தோணியைக் கரையில் ஏற்றிவிட்டு அவள் புருஷன் ஸஹீதும் வீட்டில்தான் கிடந்தான். ஏச்சு வாங்க ஆள் தயாராக இருந்தது.

"கடையில பைக்கும் காசு கேக்கானுகள். வெங்காயத்த மடியிலயா கட்டிட்டு வாற? நான் ஒரு பை தைக்கப்போறன்."

"தை புள்ள. ஆரு வேணாமெண்ட?" என்று ஸஹீத் மறுபக்கம் புரண்டு படுத்தான்.

அலுமாரியின் அடித்தட்டில் தறிக்காரர் கொடுத்த சாரன் துணித் துண்டுகள் கிடந்தன. பச்சையும் ஊதாவுமாய் நல்ல கட்டம். ஒற்றைத் துணியாகத் தைத்தால் பாரம் தாங்காது, ஓரமும் பிரிந்து போகும். உள்ளுக்கு வைக்க ஒன்று வேண்டும் என்று துழாவியபோது மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவை கையில் தட்டுப்பட்டது. நல்ல பருத்தி. விரித்தாள், வெட்டினாள், மெசினில் போட்டு மிதித்தாள். பை தைத்து முடிந்ததும் நிலத்தில் தானாக நின்றது. அதைத் தோளில் கொழுவிக்கொண்டு குசினிக்கும் வாசலுக்குமாக நடந்து பார்த்தாள். பார்க்க ஆளில்லாவிட்டாலும் நடந்தாள்.

அப்போதுதான் சாய்ந்தமருதிலிருந்து நாச்சியா மதினி போன் எடுத்தாள். ஸஹீதின் மூத்த சகோதரி. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். முனவ்வறா ஊரில் பயப்படுகிற ஒரே மனுசி.

"பித்தப்பையில கல்லாம். நாளைக்கு ஆஸ்பத்திரியில படுக்கணும், வெட்டப் போறாங்க. என்ட புடவயக் கொண்டு வந்து தா புள்ள. மௌத்தானா ஊட்டுல இரிக்கணும்."

"எந்தப் புடவ மதினி?"

"என்ட கபன் புடவகா! போன மாரிக்கு ஊட்டுக்குள்ள வெள்ளம் வரக்குள்ள உன்ட கையில தரல்லயா?"

முனவ்வறா தோளில் கிடந்த பையைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தாள். ஹஜ்ஜுக்குப் போன மதினி, மௌத்தானால் தன்னைப் பொதிந்து அடக்குவதற்கென்று ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து, மக்கத்து வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்த புடவை அது. கொடுத்தபோது கடதாசி சுற்றியிருந்தது.

"அதுல சுத்தியிருந்த கடதாசி எங்க?" என்று புருஷன் மேல் பாய்ந்தாள்.

"ஈரமெண்டு கழட்டி எறிஞ்சன். புடவயக் காயவெச்சி மடிச்சி வெச்சனே. நல்ல வேலதானே செஞ்ச?"

"நல்ல வேல! ஒரு சொல்லுச் சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?"

ஸஹீத் எழுந்து உட்கார்ந்து தலையைச் சொறிந்தான். "வேற ஒண்டு வாங்கிக் குடுப்பம். வெள்ளைக்கு வெள்ளைதானே. ஆருக்குத் தெரியும்?"

"மௌத்துக்குப் பயந்து கிடக்கிற மனிசிய ஏமாத்தச் சொல்றீங்களா? நாளைக்கு கபுறுக்குள்ள ஆரு பதில் சொல்ற, நீங்களா?"

சொல்லும்போது பெரிய நல்லவள் மாதிரித்தான் சொன்னாள். ஆனால் மிச்சத் துணியைப் பைக்குள் வைத்து, மழைக்குள் ஆட்டோ ஏறியபோது, திரும்பிப் போய்விடலாமா என்று வழி முழுக்க நினைத்தாள். மதினி ஏசினால் தாங்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு அவள் மௌத்தாகிவிட்டால்? அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

மதினி கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் மஞ்சள் பூத்திருந்தது. முனவ்வறா ஸலாம் சொன்னாள். பையை மதினியின் மடியில் வைத்தாள். மதினி மிச்சத் துணியை எடுத்தாள், விரித்தாள், பையின் உட்புறத்தைப் பார்த்தாள். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இத ஆர் வெட்டின?"

"நான்தான் மதினி. தெரியாம வெங்காயம் வாங்கிற பைக்கு உள்துணியா வெச்சிட்டன். என்ன வேணுமெண்டாலும் ஏசுங்க. மன்னிச்சிப் பொருத்தம் மட்டும் தாங்க."

மதினியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று முனவ்வறா பதறிக் கிட்டப் போனாள். மதினி விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ட றப்பே, சிரிக்க ஏலாதுகா, கல்லுக் குத்துது! கபன் புடவயில வெங்காயம் வாங்கப் போன பொம்பிள உலகத்துல நீ ஒருத்திதான்."

"இன்னும் போகல்ல மதினி."

"கேளு புள்ள. ஆசப்பட்டுத்தான் கொண்டு வந்த. வந்த நாள்லயிரிந்து அலுமாரியத் திறந்தா அதுதான் முன்னுக்கு. பெருநாளைக்கு உடுப்பெடுக்கப் போனாலும் எப்ப வாறாய், எப்ப வாறாய் எண்டு கேக்கும். உன்ட ஊட்டுக்குத் தந்த பொறகுதான் ஒழுங்கா உறங்கின."

"அப்ப ஏன் திரும்பக் கேட்டீங்க?"

"பயம்கா. வயித்தக் கிழிக்கப் போறாங்க எண்டா உனக்கு வராதா? மௌத்தானா வெள்ளைப் புடவக்கா ஊருல பஞ்சம்? அல்லாஹ் புடவயப் பாக்கிறானா, நாம செஞ்ச அமலப் பாக்கிறானா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொருத்தம் தந்திட்டன். ஆனா பை எனக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நல்லதொண்டு என்னட்ட இல்ல. பிளாஸ்க்க உள்ளுக்கு வெச்சிப் பாரு."

பிளாஸ்க், சோப்பு, மாற்றுடுப்பு, தஸ்பீஹ் மணி எல்லாம் அடங்கியது. முனவ்வறா வெறுங்கையோடு வீடு வந்தாள். ஆனாலும் கல் இன்னும் மதினியின் வயிற்றில்தான் இருந்தது. மறுநாள் முழுக்க முனவ்வறாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் பகல் போன் அடித்தது. ஸஹீத் எடுக்கப் பயந்து அவளிடம் நீட்டினான்.

"முனவ்வறா! கல்ல எடுத்தாச்சி, அது கிடக்கட்டும். என்ன பை தைச்சிருக்காய்? கைப்பிடி நீளம், நிலத்துல இழுபடுது. பக்கத்துக் கட்டில்காரி வேற இப்பிடி ஒண்டு தைச்சுத் தரட்டாம். அளவெடுக்கத் தெரியாதா உனக்கு?"

குரல் கணீரென்று இருந்தது. முனவ்வறா போனோடு குசினிக்குப் போய்க் குந்தினாள்.

"அல்ஹம்துலில்லாஹ். ஏசுங்க மதினி. நல்லா ஏசுங்க."

மதினி மூச்சு விடாமல் ஏசினாள். முனவ்வறா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சோற்றுக் கோப்பையை இழுத்து, மீன் ஆணத்தை ஊற்றிப் பிசையத் தொடங்கினாள்.