போத்தலைப் பார்த்துச் சொன்ன எண்

அண்ணனுடைய நோய் முதுகில் தொடங்கியது. கடலுக்குப் போகிறவருக்கு முதுகு நோவதை யார் நோய் என்று எடுப்பார்கள்? வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. இருபது வருடம் தாதியாக வேலை செய்த நானும் எடுக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது அவரும் அவர் மனைவியும் சண்டையால் இலங்கைத்துறையிலிருந்து இடம்பெயர்ந்து உப்புவெளியில் என் வீட்டில் இருந்தார்கள். வள்ளமும் வலையும் அங்கேயே கிடந்தன. தொழில் இல்லாமல் சும்மா இருப்பதால்தான் உடம்பு நோகிறது என்று அண்ணன் சொன்னார். நானும் தைலம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் காலை கிணற்றடியில் வாளியைத் தூக்கக் குனிந்தவர், நிமிர முடியாமல் அப்படியே நின்றார். "மலர்" என்று என்னைக் கூப்பிட்டபோது குரல் அவருடையது போலவே இருக்கவில்லை.

நான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே இரத்தம் சோதித்து, எக்ஸ்ரே படமும் எடுத்தோம். டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். புரோஸ்டேட்டில் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழ் இருக்கும் சுரப்பி) தொடங்கிய புற்றுநோய் முள்ளந்தண்டு வரை போயிருந்தது.

"சிஸ்டர், உங்களுக்கு நான் மறைச்சுக் கதைக்க ஏலாது," என்றார் அவர். "கொழும்புக்கு அனுப்பினாலும் இனிச் சுகப்படுத்துறதுக்கு இல்லை. நோவைக் குறைக்கலாம். அதைத்தானே நீங்கள் படிக்கிறீங்கள்?"

ஓம், அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். பதிவு பெற்ற தாதியருக்கான பட்டப்பின் படிப்பு அது. நோய்த் தணிப்புப் பராமரிப்பு (குணமாக்க முடியாத நோயாளியின் வேதனையைக் குறைத்து, கடைசி வரை கூட நிற்பது) என்று பெயர். கொழும்பிலிருந்து பாடங்கள் தபாலில் வரும். வழியில் சோதனைச் சாவடியில் பிரித்துப் பார்த்துவிட்டு, பாதி ஒட்டியும் ஒட்டாமலும் அனுப்புவார்கள். "சாகிறதுக்கும் ஒரு படிப்போ?" என்று வார்ட்டில் பகிடி பண்ணினார்கள். எனக்கோ அதில் தலைகால் புரியாத பெருமை. நாற்பத்திரண்டு வயதில் புத்தகத்துக்கு உறை போட்டவள் நான்.

நோயாளியிடம் நோவை எண்ணாகக் கேட்க வேண்டும் என்பது முதல் பாடம். பூச்சியம் என்றால் நோவே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது. அண்ணனிடம் கேட்டேன்.

"பத்து எண்டால் பத்துப் பாகமோ?" என்றார். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், கடலில் ஆழம் பார்க்கும் கணக்கு.

"அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ அண்ணா."

"அப்ப எழுது, எட்டுப் பாகம்."

ஆஸ்பத்திரியில் மோர்பின் பாணி (கடும் நோவை ஆற்றும் அபின் வகை மருந்து) ஒரு போத்தல் தந்தார்கள். கொழும்பிலிருந்து அடுத்தது வர மூன்று கிழமையாவது செல்லும், பாதை பூட்டினால் அதுவும் சொல்ல ஏலாது என்றார் மருந்தாளர். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை கொடுத்தேன். போத்தலில் பிளாஸ்டர் ஒட்டி, ஒவ்வொரு நாளின் அளவுக்கும் கோடு கீறி, அவர் கட்டிலுக்கு எதிரே அலுமாரியின் மேல் வைத்தேன். ஒழுங்காகச் செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

எட்டு ஆறாயிற்று. ஒரு கிழமையில் நான்கு. பிறகு மூன்று. நோவு குறைந்தால் போதுமான மிகச் சிறிய அளவைக் கொடு என்று பாடம் சொன்னது. அளவைக் குறைத்தேன். அப்போதும் அவர் மூன்று என்றே சொன்னார். அந்த எண்களை எல்லாம் கோடாக வரைந்து, ஒப்படைக்க வேண்டிய கட்டுரையோடு கொழும்புக்கு அனுப்பினேன். வரைபடம் நல்ல வடிவாக இருந்தது.

அது போன மறுநாள் மச்சாள், அண்ணனின் மனைவி, என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டாள். கையில் ஒரு தலையணை உறை. அதன் ஒரு மூலை நைந்து, பல்லுப் பதிந்து, கிழிந்திருந்தது.

"நீ டியூட்டிக்குப் போனாப் பிறகு இதைத்தான் கடிச்சுக்கொண்டு கிடக்கிறார். உனக்குச் சொல்லக் கூடாதெண்டு என்ர தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினவர்."

"மூண்டு எண்டுதானே சொல்லுறார்?"

"நீ கேக்கேக்க அவர் எங்க பாக்கிறார் எண்டு பாத்தனியோ? முதல்ல அந்தப் போத்திலைப் பாக்கிறார். பிறகுதான் உனக்கு மறுமொழி சொல்லுறார்."

மருந்து இறங்க இறங்க அவர் எண்ணையும் இறக்கியிருக்கிறார். போத்தலில் எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் நான் நாள் தவறாமல் எழுதியிருக்கிறேன். அதை நம்பி அளவைக் குறைத்ததும் நானே.

அவரிடம் போய் அழுதேன். கோபத்தோடுதான் அழுதேன்.

"கடல்ல குடிதண்ணி குறைஞ்சால் என்ன செய்யிறது பிள்ளை? கிடக்கிறதைக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் குடிக்கிறது," என்றார். "மருந்து முடிஞ்சாப் பிறகு நீ அதைத் தேடி ஓடித் திரிவாய். உன்ர முகத்தைப் பாக்க எனக்கு ஏலாது."

"இனிப் பொய் சொல்லாதேங்கோ. எனக்கு உண்மை வேணும். சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினார்.

டொக்டரிடம் ஓடினேன். வார்ட்டில் அன்று காயக்காரர் நிலத்திலும் கிடந்தார்கள். "இருக்கிற நோவு ஊசி இவையளுக்கே காணாது, சிஸ்டர். என்னட்டக் கேளாதேங்கோ," என்றார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. அந்தக் காயங்களுக்கு மருந்து கட்டியவள் நான், அவரோடு என்ன வாதாட?

மிச்சத்தை நீட்டி நீட்டிக் கொடுப்பதா, முழு அளவாகக் கொடுப்பதா? மச்சாளும் நானும் அண்ணனும் மூன்று பேருமாக இருந்து கதைத்தோம். முழுதாகக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். நான்கு நாளுக்குப் போதுமாக இருந்தது.

அந்த நான்கு நாளும் அவர் பழைய அண்ணன். கதிரையில் இருந்து சவரம் செய்தார். சொதியில் உப்பில்லை என்று மச்சாளோடு சண்டை பிடித்தார். என் பாடப் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டினார்.

"மருந்து முடிஞ்சால் என்ன செய்யச் சொல்லி இதில கிடக்கு?"

தேடினேன். மருந்தை எப்படிக் கூட்டுவது, எப்படிக் குறைப்பது, மலச்சிக்கலுக்கு என்ன கொடுப்பது, எல்லாம் இருந்தது. மருந்தே இல்லாத ஊரைப் பற்றி ஒரு வரி இல்லை.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது எண்டு சும்மாவோ சொன்னவங்கள்?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

ஐந்தாம் நாள் காலை போத்தலைக் கழுவி, அந்தத் தண்ணீரையும் கொடுத்தேன். மத்தியானம் பழக்கத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன், எத்தனை என்று.

"பத்து," என்றார். சத்தியத்தைக் காப்பாற்றினார்.

என் கையில் பரசிற்றமோல் வில்லை இரண்டு இருந்தது. உண்மையைச் சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தியவள், அதைக் கேட்ட பிறகு செய்ய எதுவுமில்லாமல் நின்றேன். பொய் சொல்லவாவது அவரை விட்டிருக்கலாமே என்று நினைத்தேன். அந்தப் பொய் ஒன்றுதான் அவரிடம் மிச்சமாக இருந்த மருந்து. அதையும் நான் பறித்துவிட்டேன்.

படுத்தால் நொந்தது, சரிந்தால் நொந்தது. யாராவது பின்னால் இருந்து நெஞ்சில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் கொஞ்சம் தாங்கினார். மச்சாளும் நானும் முறை வைத்துப் பிடித்தோம். நான் மூச்சை ஆழமாக இழுத்தால் அவர் முதுகு அசையும், உடனே பல்லைக் கடிப்பார். அதனால் நுனி மூச்சாக விடப் பழகினேன். மூன்று நாள். மூன்றாம் நாள் பின்னேரம், என் மேல் சாய்ந்தபடியே போனார். போய்விட்டார் என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் நான் அசையவில்லை.

எட்டுச் செலவு (இறந்த எட்டாம் நாள் செய்யும் சடங்கு) முடிந்த கிழமைதான் புதுப் போத்தல் வந்தது. அதை வார்ட்டில் இருந்த, கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குக் கொடுத்தோம். வரைபடம் பிழை என்று கொழும்புக்கு எழுதினேன். அதற்கு முன்பே கட்டுரைக்குப் புள்ளி வந்துவிட்டது, நல்ல புள்ளி. படிப்பையும் முடித்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிக் கிடந்தால், எண்ணைக் கேளுங்கள், ஆனால் மருந்துப் போத்தலை அவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முழு அளவு கொடுத்தது சரியா என்று கேட்டால், அந்த நான்கு நாளை நினைத்தால் ஓம் என்பேன். பிந்திய மூன்று நாளை நினைத்தால் அதைச் சொல்ல வாய் வராது. நான்கு நாள் ஒரு மத்தியானம் மாதிரிப் போயிற்று. மூன்று நாள் இன்னும் முடியவில்லை.

இப்போதும் எங்காவது சாய்ந்து இருந்தால் என்னை அறியாமல் மூச்சைச் சின்னதாக விடுகிறேன். கூட வேலை செய்பவர்கள், "என்ன சிஸ்டர், நெஞ்சுக்குள்ள ஏதும் செய்யுதோ?" என்று கேட்கிறார்கள். ஒன்றுமில்லை என்கிறேன். அசைந்தால் அவருக்கு நோகும்.