மறுபக்கத்திலிருந்து படித்த வரி

பேசும் படம் என்று விளம்பரம் செய்துவிட்டு ஒலி இயந்திரம் பழுதானால், காட்சியை நிறுத்தி டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். டிக்கெட்டின் பின்புறமே அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். ஆம்பூர் டூரிங் கொட்டகைக்காரர் அன்று இந்த விதியை மதித்திருந்தால், என் அத்தை அந்தத் தபால் கார்டை எழுதியிருக்க மாட்டாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவின் தங்கையான அத்தையை, 'வாய் ஜாஸ்தி' என்ற குற்றத்துக்காக, குடியாத்தத்துப் புகுந்த வீட்டார் எங்களிடம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். விசாரணை கிடையாது, வாக்குமூலமும் கிடையாது. "தப்புதான், மன்னிச்சிடுங்கன்னு ரெண்டு வரி எழுதிப் போடு. உன் மாமியார் மனசு எறங்கும்" என்று அப்பா தினமும் சொல்வார். அத்தை எழுதவில்லை.

நானும் அத்தையும் போயிருந்த அன்று ஒலி இயந்திரம் பழுதானது. பணத்தைத் திருப்பித் தர மனமில்லாத கொட்டகைக்காரர், பழைய ஊமைப் படம் ஒன்றை ஓட்டினார். வெள்ளைக்காரத் தம்பதி சண்டையிட்டுப் பிரிந்து, நம்மைச் சிரிக்க வைத்தபடியே மறுபடி சேரும் கதை. ஆங்கில எழுத்து வரும்போதெல்லாம் டிக்கெட் கிழிப்பவர் திரையருகே நின்று தமிழில் சொன்னார். பர்தா அணியும் கோஷா பெண்களை முன்னிட்டு, அந்தக் கொட்டகையில் பெண்கள் எல்லோரும் திரைக்குப் பின்னால்தான் உட்காரவேண்டும்; நானும் அத்தையோடு அங்கேதான் இருந்தேன். மெல்லிய துணியில் படம் நன்றாகவே தெரியும். எழுத்துதான் இடம் வலம் மாறியிருக்கும். அங்கே யாருக்கும் ஆங்கிலம் தெரியாததால் நஷ்டமில்லை, அத்தையைத் தவிர. அவளுக்கும் இல்லை. தாத்தா தோல் மண்டியில் முத்திரை குத்துகிறவர். அந்த முத்திரைக் கட்டைகளின் மாறிய எழுத்துகளில்தான் அத்தை ஆங்கிலம் பழகத் தொடங்கியிருந்தாள். மீதியை மிஷன் பள்ளி கவனித்துக்கொண்டது.

"தொரசாணி அழுவுறா. 'நான் செஞ்சது தப்பு, உங்க கால்ல வுழறேன்'றா" என்றார் டிக்கெட்காரர்.

"யோவ், அப்டிப் போடலையே! 'வாசலுக்கு வந்து கேளு, வர்றேன்'னு போட்டிருக்கு" என்றாள் அத்தை, உரக்க.

ஆண்கள் பக்கம் சிரிப்பு. "இன்னாம்மா, அந்தாண்ட குந்திக்கினு எனக்கே பாடம் சொல்ற?"

அத்தைக்குப் பக்கத்தில் இருந்த தோல் தரகரின் மனைவி அவள் கையைப் பிடித்தாள். "அவன் கெடக்கான், பேஜாரு. நீ சொல்லு பெஹன், அப்றம் அவ இன்னா சொன்னா?"

அதற்குமேல் கொட்டகையில் இரண்டு படங்கள் ஓடின. முன்பக்கத்து மனைவி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பின்பக்கத்து மனைவி ஒருமுறையும் கேட்கவில்லை. கணவன் என்னவோ இரண்டு பக்கத்திலும் அதே வாசலில்தான் வந்து நின்றான்.

மறுநாள் காலை அத்தை அப்பாவிடம் ஒரு கார்டு கேட்டாள். அவர் மகிழ்ந்து கொடுத்தார். அவள் மாமாவுக்கு ஒரே வரி எழுதினாள்: 'வாசலுக்கு வந்து கேளுங்கள், வருகிறேன்.' கார்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அப்பா படித்தார்.

"இதைப் போட்டா, இனிமே யார் வாசல்லயும் உனக்காக நான் போய் நிக்க மாட்டேன்."

"போட்டுட்டு வா கண்ணு" என்று அத்தை அதை என் கையில் கொடுத்தாள்.

படத்தில் கணவன் வருவதற்குச் சில நிமிடங்களே ஆயின. அந்தக் கணக்கில், குடியாத்தம் பஸ் வரும்போதெல்லாம் நான் ஓடிப்போய் நின்றேன். அத்தை ஒருநாளும் வந்து நிற்கவில்லை. சிரிப்புப் படத்தைப் பார்த்துவிட்டு இவள் ஏன் இப்படி ஆகிவிட்டாள் என்றுதான் யோசித்தேன். மாமா வராமலே போகலாம் என்று தெரிந்தே, இரண்டு வீடுகளையும் ஒரே வரியில் பணயம் வைத்திருந்தாள் என்பது எனக்கு எட்டவில்லை.

நேரில் வந்து கேட்க அனுமதி வேண்டி மாமா எழுதிய பதில், அத்தை ஆசிரியைப் பயிற்சி முடித்து ஆலங்காயத்துப் பள்ளியில் சேர்ந்த பிறகு, நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருஷம், பங்குனி உத்திரத்தன்று வந்து சேர்ந்தது.